முன்வாசற் காவலும் பின்வாசற் பயணமும்

சேவையகத்திலேயே பக்கங்களை ஆக்கி அனுப்பும் வலைச்செயலிகளை உருவாக்குவோரிடையே இன்று ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றியுள்ளது. உலாவியில் உள்ள வலையமைப்புப் பலகத்தைத் திறந்து வைத்தாற் போதும், செயலி யாரோடு பேசுகின்றது, எத்தனை முறை பேசுகின்றது, எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றது என்பன யாவும் தெரிந்துவிடும் என்பதே அவ்வபிப்பிராயம். பலகத்திலே சிவப்பு வரி எதுவும் தோன்றாவிடின் செயலிக்கு நோயில்லை என்று நாடி பிடித்துக் கூறிவிடுகின்றனர். இது தவறான கருத்து. தவறானது மாத்திரமன்று, தீங்கானதுமாகும். ஏனெனில் இத்தவற்றின் விலையைக் கொடுப்பவர் தவறிழைத்த நிரலாளர் அல்லர். எங்கோ ஒரு மூலையிலிருந்து பக்கத்தைத் திறக்க முனையும் வாசகரே.

கலைப்பீடத்தாருக்கு இவ்விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் காத்துவரும் ‘நூலகம்’ 2005இல் தொடங்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 2003இல், தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. அதன் தொடக்ககால உழைப்பிற் பெரும்பங்கு யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதனுடையது. இவ்விரண்டும் மீடியாவிக்கி என்னும் ஒரே மென்பொருளின்மேல் இயங்குவன. அதாவது, சேவையகத்தில் ஆக்கி முடித்த பக்கத்தையே வாசகருக்கு அனுப்புவன. ஈழத்து இலக்கியம் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவருள் இவற்றின் வாசலை மிதியாதவரைக் காண்பது இன்று அரிது. வேலணைத்தீவின் சரவணை போன்ற ஊர்களுக்கோ இத்தகைய தளங்கள் இன்னும் நெருக்கமானவை. 1990களின் தொடக்கத்திலே தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு அலுமாரிகளும் போயின. கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், அந்தியேட்டிக்கு அச்சிட்ட ‘கல்வெட்டு’ என்று ஓர் ஊரின் வரலாறு எவற்றில் எழுதப்பட்டிருந்ததோ அவற்றிற் பல செல்லரித்தும் மழையில் நனைந்தும் அழிந்தன. எஞ்சியவை இன்று மின்வருடியின் கீழ்ப் போகின்றன. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் தம் பாட்டனாரின் ஊரை முதன்முதற் காண்பது ஒரு சேவையகம் ஆக்கித்தரும் பக்கத்திலேதான். அப்பக்கம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பது பொறியியற்பீடத்தாருக்கு மாத்திரம் உரிய வினாவாக இருத்தல் முடியாது.

ஒரு பக்கத்தை வாசகர் கேட்கும்போது நிகழ்வது என்ன? உலாவி ஒரு கோரிக்கையை அனுப்புகின்றது. அதைப் பெற்ற சேவையகம் தன் தேக்ககத்தைப் பார்க்கின்றது. அங்கு இல்லையெனில் தரவுத்தளத்தைக் கேட்கின்றது. படங்கள் வேறிடத்தில் இருப்பின் அவ்விடத்தைக் கேட்கின்றது. தேடற்பொறி வேறு கணினியில் இருப்பின் அதனையும் கேட்கின்றது. விடைகள் எல்லாம் வந்து சேர்ந்தபின் அவற்றைக் கோத்து ஒரே எச்ரிஎம்எல் ஆவணமாக வாசகருக்கு அனுப்புகின்றது. உலாவியின் பலகத்திலே இம்முழு நாடகமும் ஒரேயொரு வரியாகவே தெரியும். ‘முதல் எழுத்து வந்துசேர 1.9 விநாடி’ என்று அவ்வரி கூறும். அந்த 1.9 விநாடியிற் சேவையகம் யாருடைய படலையைத் தட்டியது, எவர் திறக்கத் தாமதித்தார், எவர் திறக்கவேயில்லை என்பது பற்றி அதனிடம் ஒரு சொல்லும் இல்லை. பலகத்தைக் குறை கூறுவதற்கில்லை. அது தன் எசமானாகிய உலாவி அனுப்பியதையும் பெற்றதையும் ஒளிக்காமற் காட்டுகின்றது. அது காவல் நிற்பது முன்வாசலில்; பயணம் நடப்பதோ பின்வாசலால்.

தமிழ் பயின்றோருக்கு இது புதிய சிக்கலன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அச்சிட்ட பாடத்தை மட்டும் வாசகர் கையிற் கொடுத்து ஒதுங்கிவிடவில்லை. ஏடுகள் எங்கிருந்து கிடைத்தன, அவை எந்நிலையில் இருந்தன என்பவற்றைப் பதிப்புரையிற் சொன்னார். அச்சுப்பக்கத்தை எத்துணை நேரம் உற்றுப் பார்த்தாலும் அதன் பின்னேயுள்ள ஏடுகளின் எண்ணிக்கை தெரியவராது. பதிப்பாசிரியர் சொன்னாலன்றி அதனை அறிவார் இலர். சேவையகம் ஆக்கியனுப்பும் பக்கமும் ஓர் அச்சுப்பக்கமே. அதன் பின்னேயுள்ள கோரிக்கைகளே ஏடுகள். பதிப்புரையில்லாப் பதிப்பை எந்த விரிவுரையாளரும் மாணவர் கையிற் கொடுக்க விரும்பார். நிரலாக்கத்தில் மாத்திரம் பதிப்புரையில்லாப் பதிப்பே வழமை என்று கொள்வதற்குக் காரணம் என்ன?

காரணம் வரலாற்றிலே உள்ளது. அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். வலையின் தொடக்கக் காலத்தில் எல்லாப் பக்கங்களும் சேவையகத்திலேயே ஆக்கப்பட்டன. 1995இல் வெளிவந்த பீஎச்பியும் அதற்கு முந்திய சிறு நிரல்களும் அவ்வாறே வேலை செய்தன. அக்காலத்து நிரலாளருக்கு உலாவியிற் பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. ஆகவே சேவையகத்தின் பதிவேட்டையே பார்த்தனர். 2004இல் வந்த றெயில்ஸ் என்னும் சட்டகம், ஆக்கநிலையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எந்தெந்தத் தரவுத்தள வினாக்கள் கேட்கப்பட்டன, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்பவற்றைத் தானாகவே பதிவேட்டில் எழுதியது. ஜாங்கோச் சட்டகத்தினர் பக்கத்தின் ஓரத்திலேயே இவற்றைக் காட்டும் ஒரு கருவிப்பட்டையைத் தமக்கெனச் செய்துகொண்டனர். மீடியாவிக்கியிலும் அத்தகைய பட்டையொன்று உண்டு. நிறுவியவர் ஓர் அமைப்பை மாற்றினால், அப்பக்கத்தை ஆக்குவதற்குத் தரவுத்தளத்திடம் கேட்ட வினாக்கள் பக்கத்தின் அடியிலே வரிசையாக வந்து நிற்கும்.

பின்னர் காற்றுத் திசை மாறியது. 2005இல் ‘ஏஜக்ஸ்’ என்ற பெயர் பரவியது; பக்கம் வந்து சேர்ந்த பின்னரும் உலாவியே நேராகத் தரவுகளைக் கேட்டுப் பெறலாயிற்று. 2006இற் பயர்பொக்ஸ் உலாவிக்கென வந்த பயர்பக் என்னும் கருவி இன்றைய பலகங்களுக்கு முன்னோடியாயிற்று. 2013இல் றியக்ற் வந்தபின் ஆக்கவேலையிற் பெரும்பகுதி வாசகரின் கணினிக்கே தள்ளப்பட்டது. இக்காலத்திலே தொழில் பழகிய ஒரு தலைமுறைக்குப் பலகமே கண்ணாயிற்று. அக்கண் அக்காலத்துக்குப் பொருத்தமானது. கோரிக்கைகள் எல்லாம் உலாவியிலிருந்தே புறப்பட்டமையால் உலாவியே சாட்சி.

ஆயின் காற்று மீண்டும் திரும்பியது. 2016இல் நெக்ஸ்ற் ஜேஎஸ் வந்தது. 2020 டிசெம்பரில் றியக்ற் ஆக்கியோர் சேவையகக் கூறுகள் என்னும் கருத்தை அறிவித்தனர். 2022இல் வெளியான நெக்ஸ்றின் 13ஆம் பதிப்பு அதனைப் பரவலாக்கியது. தரவு கேட்கும் வேலை உலாவியை விட்டுச் சேவையகத்துக்குத் திரும்பிற்று. கண் மாத்திரம் உலாவியிலேயே தங்கிவிட்டது. பழைய சட்டகத்தார் வைத்திருந்த பதிவேட்டுப் பழக்கம் இடையில் வந்த தலைமுறைக்குக் கற்பிக்கப்படவில்லை. முந்தியோர் தொழிலுக்குத் திரும்பியவர்கள் முந்தியோரின் எச்சரிக்கையை வழியில் விட்டுவிட்டு வந்தனர்.

எதிர்த்தரப்பார் இதற்கு விடை கூறாமல் இல்லை. ஐயம் வந்த இடத்தில் ஒரு வரியை அச்சிடச் செய்தாற் போதுமே என்பர். போதாது. ஐயம் வந்த இடத்தில் அச்சிடுபவர் தாம் ஏற்கெனவே ஐயுற்றதை மாத்திரமே காண்பார். ஐயுறாத இடத்திலிருந்து புறப்படும் கோரிக்கையே ஆளைக் கவிழ்ப்பது. நிரலாளர் எழுதிய வரிகள் ஆயிரம் எனின், அவர் பிறரிடமிருந்து எடுத்துச் சேர்த்த பொதிகளின் வரிகள் இலட்சம். அப்பொதிகளுள் எது யாருடன் பேசுகின்றது என்பதை அவர் அச்சிடச் சொல்லவில்லை; ஆகவே அது அச்சாவதில்லை. மேலும், இரு பக்கங்களை ஒரே வேளையில் திறந்தால் இரண்டின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்து விழும். எந்தக் கோரிக்கை எந்தப் பக்கத்தின் பிள்ளை என்று சொல்வார் இல்லை.

சட்டகமே அதனைக் காட்டுமே என்பது இன்னொரு விடை. நெக்ஸ்றில் ஓர் அமைப்பை எழுதிவைத்தால், ஆக்கநிலையில் அது அனுப்பும் கோரிக்கைகளின் முகவரிகள் முனையத்திலே தோன்றும் என்பது மெய்யே. ஆனால் எழுதிவைத்தால்தான் தோன்றும். அதுவும் சட்டகம் தன் பொறுப்பிலே எடுத்துக்கொண்ட ஒரு வழியாற் போகும் கோரிக்கைகள் மட்டுமே. தரவுத்தளத்தோடு நேராகப் பேசும் பொதியோ, பிறிதொரு நிறுவனத்தின் சேவைக்கெனத் தரப்பட்ட பொதியோ வேறு வழியாற் போகுமாயின் அப்பட்டியலில் இடம்பெறாது. சட்டகத்தையே முழுச் சாட்சியாகக் கொள்வோர் இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். நெக்ஸ்றின் 13ஆம், 14ஆம் பதிப்புகளிலே சேவையகக் கோரிக்கையின் விடை, வேறு கட்டளை இல்லாவிடின், தேக்ககத்தில் வைக்கப்பட்டது. 2024 ஒக்ரோபரில் வந்த 15ஆம் பதிப்பில் அவ்வியல்பு தலைகீழாயிற்று, சொன்னாலன்றித் தேக்கப்படாது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வெளியே போகும் கோரிக்கைகளின் தொகையோ மாறிவிட்டது. முன்பு எத்தனை போயின, இப்போது எத்தனை போகின்றன என்பதை எண்ணிப் பாராதவருக்கு இம்மாற்றம் தெரிந்திருக்க நியாயமில்லை. மாதமுடிவில் வரும் கட்டணச் சீட்டே அவருக்கு முதல் அறிவித்தல்.

ஆக்கநிலைக்கென்றே உரிய மயக்கம் ஒன்றும் உண்டு. நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்து சேமித்தவுடன் பக்கம் தானாகவே புதுப்பிக்கப்படுவது இக்காலத்து வசதி. நெக்ஸ்றின் அதே 15ஆம் பதிப்பில், அவ்வாறு புதுப்பிக்கும்போது சேவையகம் முன்னர் பெற்ற விடைகளையே மீண்டும் எடுத்துப் பயன்படுத்தும், புதிதாகக் கேட்காது. நிரலாளரின் நேரத்தையும் கட்டணத்தையும் மிச்சப்படுத்தச் செய்த உபகாரந்தான் அது. ஆனால் அவர் கண்முன்னே பக்கம் பறந்து வருகின்றது. அவர் மகிழ்கின்றார். அவர் கண்டது செயலியின் வேகமன்று, தேக்ககத்தின் வேகம்.

இவ்விடத்திலே, ‘நாங்கள் புறொக்சி வைத்துப் பார்ப்போமே’ என்று சற்று விடயம் அறிந்தவர்கள் முன்வருவர். இவர்களுடைய வழி மதிக்கத்தக்கது. சேவையகத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஓர் இடைத்தரகுக் கணினியை நிறுத்தி, போவன வருவன யாவற்றையும் அதனூடாகச் செலுத்திப் படிப்பதே அவ்வழி. மிற்ம்புறொக்சி போன்ற கருவிகள் காசின்றிக் கிடைக்கின்றன. மாணவருக்கு எட்டாத பொருளன்று. எனினும் இவ்வழியிலும் இரண்டு குழிகள் உண்டு.

முதலாவது குழி வெறுமை. இடைத்தரகரின் முகவரியைச் சூழல் மாறியில் எழுதிவைத்தால் எல்லா மென்பொருளும் அதனை மதிக்கும் என்று எதிர்பார்ப்பது வழமை. நோட் இயங்குதளத்திலே 2022 முதற் கோரிக்கைக் கருவியொன்று உள்ளடங்கியே வருகின்றது. அது இம்மாறியைத் தானாகப் பொருட்படுத்தவில்லை. 2025இல் வந்த 24ஆம் பதிப்பிலேதான் அதற்கென ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது. அதனையும் வேண்டுமென்று கேட்டாற்றான் பெறலாம். இதனை அறியாத மாணவர் புறொக்சியை நிறுத்துகின்றார். திரை வெறுமையாக இருக்கின்றது. ஆகவே செயலி வெளியே எவரோடும் பேசவில்லை என்று முடிவுசெய்கின்றார். வலையிலே மீன் விழவில்லையாயின் கடலில் மீனில்லை என்று தீவகத்தில் எவரும் சொல்லார். வலை எவ்விடத்திற் கிடக்கின்றது என்றே முதலிற் பார்ப்பர். தரவுத்தளத்தோடு நடக்கும் பேச்சோ வலைநெறிமுறையிலேயே நடப்பதன்று. அது இப்புறொக்சியின் கண்ணில் ஒருநாளும் படாது. அதனைக் காணத் தரவுத்தளத்தின் சொந்தப் பதிவேட்டையே திறக்கவேண்டும்.

இரண்டாவது குழி ஆபத்தானது. கோரிக்கைகள் இன்று மறையாக்கம் செய்யப்பட்டே போகின்றன. இடைத்தரகர் அவற்றைப் படிக்கவேண்டுமாயின் அவருடைய சான்றிதழைச் சேவையகம் நம்பவேண்டும். அதற்கு முறையான வழி உண்டு. அச்சான்றிதழை மாத்திரம் கூடுதலாக நம்பும்படி நோட்டுக்குச் சொல்லலாம். அவ்வழியைத் தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர், சான்றிதழ் சோதனையையே முற்றாக நிறுத்திவிடும் வேறொரு மாறியை எழுதிவிடுகின்றார். வேலை முடிகின்றது. மாறி கோப்பிலேயே கிடக்கின்றது. கோப்பு நேரே உண்மைச் சேவையகத்துக்கும் போய்விடுமாயின் அன்று முதல் அச்செயலி எவரையும் நம்பும். கவனிப்பதற்காகத் திறந்த கதவைப் பூட்டாமற் போவது கவனியாமையினும் கொடிது.

கவனியாமையின் கேட்டினை வேகத்தோடு மாத்திரம் வைத்து அளப்பது குறைப்பார்வை. சரவணை கிடக்கும் அதே தீவின் மேற்குக்கரையிலேதான் ஊர்காவற்றுறை உள்ளது. 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு அத்துறைக்கு வரும் அந்நிய வணிகர் பற்றியும், உடைந்த மரக்கலங்களின் பொருள் யாருக்கு எவ்வளவு என்பது பற்றியும் விதித்த நியதிகளைத் தமிழிலே பொறித்த கல், நயினாதீவிற் கிடைத்தது. ஆனை குதிரை கொண்டுவந்த கலம் கெட்டால் அரசுக்கு ஒரு விகிதம், பிற வாணிபக் கலம் கெட்டால் இன்னொரு விகிதம் என்று பிரித்துச் சொல்லும் அக்கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் ஆராய்ந்து வெளியிட்டார். வருவதும் போவதும் எதுவென்று தெரியாத துறையில் இவ்வாறு விகிதம் பிரித்தல் இயலுமோ? சேவையகமும் ஒரு துறைமுகமே. தன் துறையிலிருந்து எக்கலம் எத்திசை நோக்கிப் பாய் விரிக்கின்றது என்பதை அறியாதவர் அத்துறைக்கு அதிகாரியாதல் எங்ஙனம்?

இது வெறும் உவமையன்று. 2019இல் அமெரிக்காவின் கப்பிற்றல் வண் வங்கியிலே நிகழ்ந்த தரவுத் திருட்டு இதற்குக் கண்கண்ட சான்று. தவறாக அமைக்கப்பட்ட ஒரு காப்பரண், வெளியார் ஒருவர் சொற்கேட்டு, அமேசன் முகிலின் உள்முகவரி ஒன்றுக்குத் தானே கோரிக்கை அனுப்பியது. அம்முகவரி, கேட்டவர் உள்ளிருப்பவர் என்று எண்ணித் திறவுகோலைக் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரினதும் கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேரினதும் விபரங்கள் வெளிச்சென்றன. அவ்வங்கியின் வாடிக்கையாளர் எவராவது தம் உலாவியின் பலகத்தை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதன் ஒரு வரியையும் கண்டிருக்கமாட்டார். கெட்ட கோரிக்கை புறப்பட்டது சேவையகத்திலிருந்து.

விளம்பர வணிகர் இந்த இருட்டை நன்கறிவர். வாசகரைப் பின்தொடரும் நிரல் உலாவியில் ஓடினால், தடுப்பான் வைத்திருப்பவர் அதனைத் தடுத்துவிடுகின்றார். குறைந்தது பலகத்திலாவது அதனைக் காண்கின்றார். ஆகவே அவ்வேலை சேவையகத்துக்கு நகர்த்தப்படுகின்றது. 2020 முதற் கூகிள் நிறுவனமே அதற்கென வசதியை அளித்துவருகின்றது. பக்கம் வாசிப்பவரின் விபரம் மூன்றாம் தரப்பாரிடம் போகின்றது. வாசிப்பவர் காணும் வரியோ ஒன்றே. இலங்கையிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தரவு எங்கு போகின்றது என்பதற்குப் பொறுப்புக் கூறுமாறு ஒருவரை வேண்டும் சட்டத்துக்கு, எங்கு போகின்றது என்று அறியாத நிரலாளர் என்ன விடை கூறுவார்? வாசகரால் அதனைக் காண இயலாது. பயன்பாட்டுக்கு விட்டபின், ஆயிரம் பேர் நெருக்கும் வேளையில், ஆக்கியோராலும் எளிதிற் காண இயலாது. ஒருவர் தனியே அமர்ந்து, ஒரு பக்கத்தைத் திறந்து, அதற்காக என்னென்ன புறப்பட்டன என்று ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய காலம் ஆக்கநிலையே. அக்காலத்தைத் தவறவிட்டு, பின்னர் விலையுயர்ந்த கண்காணிப்புச் சேவைகளை வாங்கி ஈடுசெய்யலாம் என்போர் வாங்கும் வல்லமை உடையோர். ஊர்ச்சங்கங்களும் தன்னார்வ நூலகங்களும் அவ்வல்லமை உடையன அல்ல.

எதிர்த்தரப்பார் கூற்றில் ஒன்று மாத்திரம் முழுமையாக ஏற்கத்தக்கது. பதிவேடு தானே ஒரு பொறியாகலாம் என்பர். ஆகலாம். 2018இல் ருவிற்றர் நிறுவனம், பயனர்களின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே தன் உட்பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டதாக ஒத்துக்கொண்டு, 33 கோடிப் பேரையும் கடவுச்சொல்லை மாற்றுமாறு வேண்டியது. எல்லாவற்றையும் எழுதிவைக்கும் அவசரம் எழுதக்கூடாததையும் எழுதிவிடும். ஆயின் இதிலிருந்து பெறப்படுவது எதை எழுதுவது, எதை மறைப்பது என்பதைக் கற்பிக்கவேண்டும் என்பதேயன்றி எழுதவே கூடாதென்பதன்று. கோரிக்கை யாருக்குப் போயிற்று, எவ்வளவு நேரம் எடுத்தது, விடையின் நிலை யாது என்பவற்றை எழுதலாம். அதனுட் சுமந்துசென்ற இரகசியத்தை எழுத வேண்டியதில்லை. அவ்வாறு எழுதும்போது ஒவ்வொரு தாய்க்கோரிக்கைக்கும் ஓர் இலக்கம் இட்டு, அதிலிருந்து பிறக்கும் பிள்ளைக்கோரிக்கைகள் யாவற்றிலும் அவ்விலக்கத்தைப் பொறிக்கும் முறை 2020இல் உலகளாவிய நியமமாகவே ஏற்கப்பட்டுள்ளது. ஓப்பின் ரெலிமெற்றி என்னும் திறந்த மென்பொருள் அதனைக் காசின்றிச் செய்து தருகின்றது. கலந்து விழும் வரிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் காணல் இதனாற் கைகூடுகின்றது.

இதற்கெல்லாம் முன்மாதிரி எங்கே என்று கேட்போர் தமிழ் விக்கிப்பீடியாவின் எந்தக் கட்டுரையையாவது திறந்து, அதன் மூலநிரலைக் காட்டுமாறு உலாவியிடம் கேட்கட்டும். அடிப்பகுதியிலே, அப்பக்கத்தை ஆக்குவதற்குச் சென்ற நேரமும், எக்கணினி எப்போது ஆக்கியது என்பதும் எழுதப்பட்டிருக்கும். தேக்ககத்திலிருந்து வந்ததா, புதிதாக ஆக்கப்பட்டதா என்பதை விடையின் தலைப்பிலேயே சேவையகம் சொல்லிவிடும். அத்தலைப்பை உலாவியின் பலகம் அழகாகப் படித்தும் காட்டும். ஆக, பலகத்தைக் குருடென்று சொல்வதற்கில்லை. சேவையகம் வாய் திறந்தாற் பலகம் செவிமடுக்கும். வாய் திறக்குமாறு சேவையகத்துக்குச் சொல்லாதவரே பலகத்தைக் குறைகூறுகின்றனர், அல்லது அதனினும் மோசமாக, முழுதும் நம்பிவிடுகின்றனர். விக்கிமீடியா நிரலாளர்கள் தம் கோரிக்கைகளை மட்டும் பிரித்தெடுத்து ஆராய்வதற்கென ஓர் உலாவி நீட்சியையும் வைத்திருக்கின்றனர். உலகெங்கும் வாசிக்கப்படும் தளத்தை நடத்துவோர் இவ்வளவு செய்ய, ஒரு மாணவர் செயற்றிட்டத்துக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கும் குரல் விரிவுரை மண்டபங்களிலேயே எழுகின்றது என்பதுதான் வேதனை. வலைநிரலாக்கப் பாடங்களிற் பலகத்துக்கு ஒரு செய்முறை வகுப்பு ஒதுக்கப்படுகின்றது. பின்வாசலுக்கு அரைமணியும் இல்லை. புள்ளி வழங்குவோரும் திரையிற் பக்கம் தோன்றுகின்றதா என்று பார்த்தே வழங்குகின்றனர்.

சிறு தளத்துக்கு இது மிகை என்பதே கடைசி வாதம். சரவணையைச் சேர்ந்த சிலர் தம் ஊரின் மலர்களையும் கல்வெட்டுகளையும் ஒரு சிறு தளத்திற் சேர்க்க முனைகின்றனர் என்று கொள்க. முகப்பிலே 30 மலர்களின் பட்டியல். ஒவ்வொரு மலரின் அருகிலும் அதன் பதிப்பாசிரியரின் பெயர். எழுதியவர் பட்டியலை ஒருமுறை கேட்டுப் பெற்று, பின்னர் ஒவ்வொரு மலருக்கும் தனித்தனியே பெயரைக் கேட்கின்றார். ஆகமொத்தம் 31 வினாக்கள். அவருடைய மடிக்கணினியிலே தரவுத்தளமும் உடனிருக்கின்றது. ஒரு வினாவுக்கு 1 மில்லிவிநாடி எனின் 31 மில்லிவிநாடியிற் பக்கம் வந்துவிடும். பலகத்தில் ஒரே வரி, பச்சை வரி. பின்னர் மலிவு கருதிச் செயலி ஓரிடத்திலும் தரவுத்தளம் கடல் கடந்து வேறோரிடத்திலும் வைக்கப்படுகின்றன. ஒருமுறை போய்வர 60 மில்லிவிநாடி ஆகின்றதெனின், அதே பக்கம் 1860 மில்லிவிநாடி. மலர்கள் 30 ஆக இருக்கும் வரைதான் இக்கணக்கு. 300 ஆகும்போது 18 விநாடியைத் தாண்டும். தளம் வளர வளர அது சாகின்றது. ஊரவர் மேலும் மேலும் மலர்களைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்க, அக்கொடையே தளத்தின் கழுத்தை நெரிக்கின்றது.

அதே நிரலாளர் ஆக்கநிலையில் மாத்திரம் தோன்றும்படி பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தாற் போதும்: இப்பக்கத்துக்காகக் கேட்கப்பட்ட வினாக்கள் இத்தனை, வெளியே சென்ற கோரிக்கைகள் இத்தனை. முதல் நாளிலேயே 31 என்ற இலக்கம் அவர் கண்ணிற் குத்தியிருக்கும். பெயர்களை எல்லாம் ஒரே வினாவிற் சேர்த்துக் கேட்டிருப்பார். 31 என்பது 2 ஆகியிருக்கும். கடல் கடந்த பின்னரும் 120 மில்லிவிநாடி. மலர்கள் 300 ஆனாலும் வினாக்கள் 2 தான். அவ்வரியை எழுத அவருக்கு ஒரு பிற்பகல் போதியது.